ஐந்தரை மணி நேரம்

மாம்பலத்தில் எனக்கு ஒரு சிநேகிதர் இருக்கிறார். பாங்கியில் உத்தியோகம். கணக்கில் ஒரு ரூபாய் உதைத்தால் அந்த ரூபாயைக் கண்டுபிடிக்கும் வரையில் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார் என்று பெயர் வாங்கியவர். அப்பேர்ப்பட்டவர் சென்ற பிப்ரவரி மாதத்தில் ஒரு நாள் எனக்கு டெலிபோன் செய்து, "பத்திரிகையில் ஊருக்கெல்லாம் வைஃபைப் பெட்டி வைத்தியம் சொல்லுகிறீரே, என் வீட்டுப் பெட்டியையும் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போகக் கூடாதா?" என்று கேட்டார். குரலில் சுரத்தே இல்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. வழக்கமாக வாசலில் என் செருப்புச் சத்தம் கேட்டதும், "மாமா வந்தாச்சு!" என்று கூவிக்கொண்டு வருகிற பெண் அன்றைக்கு வரவில்லை. உள் அறையில் புஸ்தகமும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். பிளஸ் டூ படிக்கிற பெண். பரீட்சைக் கவலை போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன். காப்பி வந்தது. காப்பியுடன் சிநேகிதரின் குற்றப் பத்திரிகையும் வந்தது.

விஷயம் இதுதான். ஜனவரி மாதத்தில் ஒரு நாள், இண்டர்நெட் ஏன் இப்படி நொண்டுகிறது என்று பார்ப்பதற்காக அவர் வைஃபைப் பெட்டியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்திருக்கிறார். பெட்டி என்று நாம் சொல்லுவது ரௌட்டரை. அதன் அடிவயிற்றில் ஒட்டியிருக்கும் சீட்டில் 192.168.1.1 என்பது போல ஓர் எண் அச்சிட்டிருக்கும். வைஃபையில் சேர்ந்திருக்கும் கம்ப்யூட்டரிலோ போனிலோ அந்த எண்ணை விலாசமாக எழுதினால், பெட்டியின் கதவு திறக்கும். அங்கே 'லாக்' என்று ஒரு பகுதி உண்டு. எந்தப் போன் எத்தனை மணிக்கு வந்து சேர்ந்தது, எத்தனை மணிக்குப் போயிற்று என்று பெட்டி எழுதி வைக்கிற தினக்குறிப்பு அது. அதில் தம் பெண்ணின் போனுக்கு நேரே சிநேகிதர் கண்டது: இரவு 1.45. முந்தைய நாள் 1.40. அதற்கு முந்தைய நாள் 1.50.

"நடுநிசி தாண்டி ஒன்றே முக்கால் மணி, ஐயா! அதுவும் தினந்தோறும்!" என்றார்.

பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டாராம். "நான் தூங்கிக்கொண்டுதான் இருந்தேன், அப்பா" என்றாளாம். "பெட்டி பொய் சொல்லுமா?" என்று இவர் கேட்டாராம். அதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை. அன்று முதல் தகப்பனாரோடு பேச்சு, 'உம்', 'இல்லை', 'சரி' என்ற மூன்று வார்த்தைகளில் முடிந்துவிடுகிறது.

அவளுடைய போன் இவருடைய பழைய போன்தான். ஸிம் கார்டு கிடையாது. வீட்டு வைஃபை ஒன்றே கதி. ஆகையால் பெட்டியிலேயே பூட்டுப் போட்டுவிட்டார். பெற்றோர் கட்டுப்பாடு என்று ஒரு பகுதி பெரும்பாலான பெட்டிகளில் உண்டு. அதில் பெண்ணின் போனைத் தேர்ந்து, இரவு பத்து மணியிலிருந்து காலை ஐந்து மணி வரையில் இண்டர்நெட் கூடாது என்று எழுதினார். எழுதி மூன்று வாரம் ஆயிற்று. ஆனால் முந்தின நாள் இரவு ஏதோ சந்தேகம் தோன்றி, பதினோரு மணிக்கு மேல் எழுந்து, அணைத்து வைத்திருந்த அவள் போனைத் தாமே திறந்து பார்த்திருக்கிறார். இண்டர்நெட் ஜாம் ஜாம் என்று ஓடிக்கொண்டிருந்தது!

"பூட்டை எப்படியோ உடைத்துவிட்டாள். எப்படி உடைத்தாள் என்று நீர்தான் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும்."

லாக்கைக் காட்டச் சொன்னேன். சிநேகிதர் இரவு வரிகளையே விரல் வைத்துக் காட்டினார். நான் பகல் வரிகளைப் படித்தேன். அதே போன், பகல் 12.00, பகல் 11.55, பகல் 12.05.

"பகல் பன்னிரண்டு மணிக்கு உமது பெண் எங்கே இருப்பாள்?"

"பள்ளிக்கூடத்தில்."

"போன்?"

"வீட்டில். பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகக் கூடாது என்று உத்தரவு."

"அப்படியானால் தினந்தோறும் பகல் பன்னிரண்டு மணிக்கு அதைத் திறப்பது யார்?"

சிநேகிதர் மனைவியைப் பார்த்தார். "என்னை ஏன் பார்க்கிறீர்கள்? எனக்கு என்னுடைய போன் ஒன்றே போதும் போதும் என்று இருக்கிறது" என்றார் அந்த அம்மாள்.

பெட்டியில் தேதியும் மணியும் காட்டும் பக்கத்துக்குப் போனேன். 'பகல் 2.22' என்று இருந்தது. சுவரில் கடிகாரம் ஏழு ஐம்பத்திரண்டு காட்டிற்று. நேர மண்டலம் என்ற இடத்தில், 'கிரீன்விச்'.

அதற்குப் பிறகு நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பாங்கிக்காரர் அல்லவா? ஒரு காகிதத் துண்டை எடுத்துத் தாமே கூட்டினார். ஒன்றே முக்காலும் ஐந்தரையும் ஏழே கால். "ஏழே காலுக்குத்தானே அவள் குளித்துவிட்டு வந்து, வகுப்பில் என்ன செய்தி என்று போனைத் திறந்து பார்ப்பாள்?" என்றார் அவர் மனைவி. பன்னிரண்டும் ஐந்தரையும் மாலை ஐந்தரை. பள்ளிக்கூடம் விட்டு வந்து காப்பி சாப்பிடுகிற வேளை. காகிதத்தின் மறுபுறத்தில் பூட்டின் கணக்கையும் போட்டார். இரவு பத்தும் ஐந்தரையும், விடியற்காலை மூன்றரை. ஐந்தும் ஐந்தரையும், காலை பத்தரை. ஆக, அவர் போட்ட பூட்டு விடியற்காலை மூன்றரை மணிக்கு விழுந்து காலை பத்தரை மணிக்குத் திறந்திருக்கிறது.

அம்மாள் அப்போதுதான் இன்னொரு விஷயத்தைச் சொன்னார். செய்முறைப் பரீட்சைக்கான ரிக்கார்டு நோட்டை மறுநாளே கொண்டுவர வேண்டும் என்று வகுப்புக் குழுவில் ஆசிரியை ஓர் இரவு பத்து மணிக்கு மேல் எழுதியிருந்தாராம். எல்லாக் குழந்தைகளும் காலையில் பார்த்து எடுத்துக்கொண்டு போயின. இவள் போனில் காலையில் ஒன்றும் வரவில்லை. அன்று முழுவதும் வகுப்பில் எழுந்து நின்றிருக்கிறாள். வீட்டில் தாயாரிடம் மட்டும் சொல்லிவிட்டு, "அப்பாவிடம் சொல்லாதே, தண்டனையில் காலை நேரமும் சேர்த்தி போலிருக்கிறது" என்றாளாம்.

சிநேகிதர் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் லாக்கை மறுபடி புரட்டினேன். இந்த மூன்று வாரமும் இரவு ஒன்பதரையிலிருந்து விடியற்காலை மூன்றரை வரையில் இண்டர்நெட்டுக்கு ஒரு தடையும் இருக்கவில்லை. அதாவது, பெட்டியின் மணிப்படி மாலை நாலிலிருந்து இரவு பத்து வரையில். அந்த இடைவெளியில் பெண்ணின் போன் ஒரே ஒரு தடவைதான் பதிவாகியிருந்தது: முந்தின நாள், மாலை 5.40.

"அதாவது இரவு பதினொன்று பத்து" என்று நான் ஆரம்பித்தேன்.

"அது நான்தான்" என்றார் சிநேகிதர்.

நேயர்கள் இதைச் சிநேகிதருடைய அஜாக்கிரதை என்று தள்ளிவிட வேண்டாம். எந்தத் தேசத்துக்குப் போய்ச் சேரப் போகிறோம் என்று அறியாத பெட்டிக்குத் தொழிற்சாலையில் ஏதாவது ஒரு மணியை வைத்து அனுப்ப வேண்டும். பல பெட்டிகளில் அது கிரீன்விச் மணியாக இருக்கிறது. நம் தேசத்து மணி அதற்கு ஐந்தரை மணி முந்தியது. 1906-ஆம் வருஷம் ஜனவரி முதல் தேதி அமுலுக்கு வந்த ஏற்பாடு. அதற்கு முன்னால் சென்னைக்கென்று தனி மணியே இருந்தது. அது கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிஷம் முந்தியது. ஊருக்கு ஊர் மணி வேறாக இருந்த அந்தக் காலத்தில் ரயிலைத் தவறவிட்டவர்களின் மனவருத்தம் என் சிநேகிதருக்கு இப்போது நன்றாகப் புரியும்.

இன்னொரு சங்கதி. நம் கைக்கடிகாரத்தில் உள்ள பாட்டரி சாதாரண வீட்டு ரௌட்டர்களின் கடிகாரத்துக்குக் கிடையாது. மின்சாரம் போய் வந்தால் பெட்டிக்கு மணி மறந்துபோகும்; பல பெட்டிகள் 1970-ஆம் வருஷம் ஜனவரி முதல் தேதி என்று நினைத்துக்கொண்டு கண் விழிக்கும். கம்ப்யூட்டர் உலகத்தில் ஒரு பெரும் பகுதி அந்தத் தேதியிலிருந்துதான் காலத்தை எண்ணுகிறது. பிறகு இண்டர்நெட் வழியாக எங்கேயாவது ஒரு நேர நிலையத்தை விசாரித்துச் சரியான மணியைத் தெரிந்துகொள்ளும். இப்படி விசாரிக்கும் முறையை வகுத்தவர் டேவிட் மில்ஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர். அதன் முதல் விதிகள் 1985-இல் வெளியாயின. நம் தேசத்தில் புதுதில்லியிலுள்ள தேசிய பௌதிக ஆய்வுக்கூடம் இந்திய நேரத்தைக் காத்து, இந்த முறையிலும் வழங்கி வருகிறது. விசாரித்து வரும் நேரம் உலகப் பொது நேரம்; அதோடு ஐந்தரை மணியைக் கூட்ட வேண்டும் என்று பெட்டிக்கு நாம்தான் சொல்லித்தர வேண்டும்.

ஆகையால், நேரப் பூட்டு வேலை செய்யவில்லை என்று தோன்றினால் முதலில் பார்க்க வேண்டியது பெட்டியின் மணி. நேர மண்டலத்தில் கல்கத்தா, சென்னை, புதுதில்லி என்று இந்திய நகரங்கள் இருக்கும் வரியைத் தேர்ந்தெடுத்து, சேமித்து, பெட்டியை ஒரு தடவை அணைத்து ஏற்றிவிட்டு, மணியை மறுபடி பாருங்கள். அடுத்தது, நடுநிசி. பத்து மணியிலிருந்து ஐந்து மணி வரையில் என்று ஒரே வரியில் எழுதினால் சில பெட்டிகளுக்கு விளங்குவதில்லை. பத்தை விட ஐந்து சிறியதாயிற்றே என்று விழிக்கும். அப்படிப்பட்ட பெட்டிக்கு, பத்திலிருந்து 11.59 வரையில் ஒரு வரியும், 12.00-லிருந்து ஐந்து வரையில் இன்னொரு வரியுமாகப் பிரித்து எழுத வேண்டும்.

மணி சரியாக இருந்தும் பூட்டுப் பிடிக்கவில்லை என்று எழுதியிருக்கும் நேயர்கள் பலர். அவர்களில் பாதிப் பேர் வீட்டில் இரண்டு பெட்டி இருக்கும் என்று ஊகிக்கிறேன். கண்ணாடி நார்க் கம்பி கொண்டுவந்த கம்பெனி வைத்துவிட்டுப் போன பெட்டி ஒன்று. அதன் வீச்சுப் போதவில்லை என்று கடையில் வாங்கி மாட்டியது மற்றொன்று. இரண்டும் வைஃபை தரும். தகப்பனார் புதுப் பெட்டியில் பூட்டுப் போட்டிருப்பார். பையன் பழைய பெட்டியின் வைஃபையில் சௌக்கியமாக இருப்பான். வாசற் கதவைத் தாழிட்டுவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த கதை. கம்பெனிப் பெட்டியின் வைஃபையை மட்டும் அணைத்துவிட்டால் போதும். பெட்டியையே அணைத்துவிடாதீர்கள், வீட்டுக்கே இண்டர்நெட் நின்றுபோகும்.

வேறு சிலருக்கு, போனே வேஷம் போடுகிறது. ஒவ்வொரு போனுக்கும் 'மாக்' என்று ஓர் அடையாள எண் உண்டு. அதை வைத்துத்தான் பெட்டி ஆளை அறிகிறது. கடைகளிலும் விமான நிலையங்களிலும் இந்த எண்ணை வைத்து ஜனங்களைப் பின்தொடரலாகாது என்பதற்காக, ஆண்ட்ராய்டு போன்கள் 2019-இல் வந்த பத்தாம் பதிப்பிலிருந்தும், ஐபோன்கள் 2020-இல் வந்த பதினாலாம் பதிப்பிலிருந்தும், வைஃபையில் சேரும்போது தம் சொந்த எண்ணுக்குப் பதில் ஒரு பொய் எண்ணைக் காட்டுகின்றன. காரியம் நல்ல காரியம். ஆனால் போனின் அமைப்பில் ஒரு விசையைத் தள்ளினால் பொய் எண் போய் மெய் எண் வரும். பெட்டிக்கு அது முன்பின் கண்டிராத புது விருந்தாளி. பதின்மூன்று வயதுப் பையனுக்கு இதைக் கண்டுபிடிக்க அரை மணி போதும். வீட்டு வைஃபைக்கு மட்டும் மெய் எண்ணையே காட்டும்படி போனில் அமைத்துவிட்டு, 'தெரியாத புதுப் போனைச் சேர்க்காதே' என்று பெட்டியிலும் சொல்லி வைக்கலாம். விருந்தினர் வரும்போதெல்லாம் நீங்கள் எழுந்து போய் அனுமதி கொடுக்க வேண்டியிருக்கும். மைத்துனர் வந்தால் சற்று மனஸ்தாபமும் உண்டாகலாம்.

ஆபாச தளங்களை அடைப்பதற்கு வேறு வழி. நாம் ஒரு தளத்தின் பெயரை எழுதினால், அந்தப் பெயருக்குரிய எண்ணைச் சொல்லும் டைரக்டரி போன்ற நிலையங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு டி.என்.எஸ். என்று பெயர். பெட்டியில் டி.என்.எஸ். என்ற இடத்தில் 1.1.1.3 என்றும் 1.0.0.3 என்றும் எழுதினால், 2020-ஆம் வருஷம் ஏப்ரலில் கிளவுட்ஃப்ளேர் என்ற கம்பெனி குடும்பங்களுக்கென்று திறந்த இலவச நிலையத்தை நம் வீடு விசாரிக்கத் தொடங்கும். அது ஆபாச தளங்களுக்கும், கம்ப்யூட்டரைக் கெடுக்கும் தளங்களுக்கும் எண் சொல்ல மறுத்துவிடும். எழுதியும் அடைபடவில்லை என்றால் இரண்டு இடத்தில் தேட வேண்டும். ஒன்று, ஐபிவி6 என்ற புதிய விலாச முறை. நம் தேசத்துக் கம்பெனிகள் பல அதையும் சேர்த்துத் தருகின்றன, அதற்கு டி.என்.எஸ். இடம் தனி. நீங்கள் பழைய இடத்தில் மட்டும் எழுதியிருந்தால், போன் புதிய இடத்தில் கேட்டுக்கொண்டுவிடும். மற்றொன்று, 2018-இல் வந்த ஒன்பதாம் பதிப்பு முதல் ஆண்ட்ராய்டு போனிலேயே இருக்கும் 'பிரைவேட் டி.என்.எஸ்.' என்ற அமைப்பு. அதில் வேறு நிலையத்தின் பெயரை எழுதியிருந்தால், பெட்டியை அது சட்டையே செய்யாது.

யூடியூபில் பாடம் மட்டும் வர வேண்டும், சினிமா வரலாகாது என்று சேலத்திலிருந்து ஓர் அம்மாள் கேட்டிருக்கிறார். அம்மணி, ரௌட்டர் தபால்காரரைப் போன்றது. உறையின் மேலுள்ள விலாசம் அதற்குத் தெரியும். உறையைப் பிரித்துப் படிக்க அதனால் முடியாது. யூடியூப் வேண்டும் அல்லது வேண்டாம் என்பதுதான் பெட்டியால் சொல்லத் தகும். எந்தப் படம் என்பதைக் குழந்தையின் கூகிள் கணக்கில்தான் அமைக்க வேண்டும். ஸிம் கார்டு உள்ள போனாயின், வைஃபைப் பெட்டியில் என்ன பூட்டுப் போட்டும் பிரயோஜனமில்லை. அது வேறு தெரு வழியாகப் போய்விடும்.

இத்தனையும் செய்துவிட்டு, பெட்டியின் பாஸ்வேர்டை மட்டும் 'அட்மின்' என்றே விட்டு வைத்திருக்கும் புண்ணியவான்களை நான் அறிவேன். சீட்டில் அச்சிட்டிருப்பதைக் குழந்தைகளும் படிப்பார்கள்.

மாம்பலத்துக்குத் திரும்பி வருகிறேன். நேர மண்டலத்தை மாற்றினேன். சிநேகிதர், "பூட்டை எடுத்துவிடும்" என்றார். "அதை நீரும் உமது பெண்ணும் பேசி முடிவு செய்ய வேண்டியது" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டேன். அவர் கணக்குப் போட்ட காகிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு உள் அறைக்குப் போனதைப் பார்த்தேன். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. அந்த அம்மாள் வாசற்படி வரையில் என்னுடன் வந்து, கதவைச் சாத்தாமல் சிறிது நேரம் வெளியிலேயே நின்றார்.

நாலு நாளைக்கெல்லாம் டெலிபோன் வந்தது.

"பூட்டை எடுக்க வேண்டாம் என்கிறாள், ஐயா. பத்து மணிக்கே போடுங்கள், ஆனால் வீட்டில் எல்லாருடைய போனுக்கும் போடுங்கள் என்கிறாள்."

"போட்டீரா?"

"போட்டேன். நேற்று இரவு கிரிக்கெட்டில் கடைசி மூன்று ஓவர் பாக்கி. டக்கென்று நின்றுவிட்டது."

"உமது போனில்தான் ஸிம் கார்டு இருக்கிறதே!"

"பத்து மணிக்கு மேல் அதில் டேட்டாவை அணைத்து வைக்க வேண்டும் என்பது அவளுடைய இரண்டாவது நிபந்தனை" என்றார் சிநேகிதர். "தினம் காலையில் ஏழே காலுக்கு என் போனை வாங்கிச் சோதித்துப் பார்க்கிறாள்."